காற்றுள்ள தீவில் காத்திருக்கும் இயந்திரம்

மன்னார்த் தீவிலே காற்றுக்குப் பஞ்சமில்லை. சோளகமும் வாடையும் ஆண்டைப் பங்கிட்டுக்கொள்ளும் நிலம் அது. தோணிக்காரருக்குப் பருவம் குறித்துக்கொடுத்த அக்காற்று 2020ஆம் ஆண்டு டிசெம்பரில் பெருமளவில் மின்சாரமும் தரத் தொடங்கியது. தீவின் தென்கரையில் இலங்கை மின்சார சபை நிறுவிய ‘தம்பபவனி’ காற்றாலைத் தொகுதியில் 30 விசையாழிகள் உள்ளன. அவற்றின் மொத்த வலு 103.5 மெகாவாட்.

இத்தகைய தீவிலே ஒரு வைத்தியசாலைக்கு டீசல் மின்பிறப்பாக்கி எதற்கு என்று வினவலாம். விடை 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் திகதி கிடைத்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. முற்பகலில் இலங்கை முழுவதும் மின்சாரம் அற்றுப்போயிற்று. பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியைத் தீண்டியதே காரணம் என்றார் மின்சக்தி அமைச்சர். ஊரார் நகைத்தனர். நகைப்புக்குள் ஓர் உண்மை மறைந்துபோயிற்று. விடுமுறை நாளாகையால் மின் தேவை குறைவு. கூரைகளிலிருந்து வந்த சூரிய மின்சாரமோ மிகுதி. அதிர்ச்சியைத் தாங்கும் கனத்த சுழலிகள் போதிய அளவு ஓடவில்லை.

அவ்வேளையில் காற்றாலைகள் தீவுக்கு உதவ முடியாது. அவை நாட்டின் மின்வலையமைப்பின் அழுத்தத்தைப் பின்பற்றியே இயங்குபவை. வலையமைப்பு வீழ்ந்தால், காற்று வீசினாலும் அவையும் நின்றுவிடும். நாட்டை மீண்டும் எழுப்பும் பணி பெரிதும் மலைநாட்டு நீர்மின் நிலையங்களைச் சார்ந்தது. அதுவரை சத்திரசிகிச்சைக் கூடத்தின் விளக்கைக் காப்பது அந்த டீசல் இயந்திரமே.

அது காக்குமா என்பது முந்திய மாதங்களில் அதனை எவ்வாறு பேணினர் என்பதைப் பொறுத்தது. இயந்திரம் கிளம்ப மறுக்கும்போது பெரும்பாலும் பழுது மின்கலத்தில்தான் இருக்கும். உப்புக்காற்று அதன் முனைகளை விரைவில் அரிக்கும். தேங்கிய டீசலில் நீர் சேர்ந்து நுண்ணுயிர் வளரும், வடிகட்டி அடைபடும். வெறுமனே சில நிமிடம் ஓட்டி அணைப்பதைச் சோதனை என்று கொள்ளலாகாது. அவ்வாறு பாரமின்றி ஓட்டினால் எரியாத எரிபொருள் புகைக்குழாயிற் படியும். அமெரிக்கத் தீக்காப்பு விதிமுறைகள், மாதம் ஒருமுறை குறைந்தது 30 நிமிடம், இயந்திர வலுவின் 30 வீதத்துக்குக் குறையாத பாரத்தோடு ஓட்டுமாறு கூறுகின்றன. உயிர்காக்கும் சுற்றுகளுக்கு 10 விநாடிக்குள் மின்சாரம் செல்லவேண்டும் என்பதும் வைத்தியசாலைகளுக்கு அங்கு விதிக்கப்பட்டதே.

அன்றிரவுக்குள் மின்சாரம் பெரும்பாலும் திரும்பியது. ஆயினும் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் மூன்று அலகுகளும் நின்றுபோயிருந்தன. அவை மீள இயங்கச் சில நாட்கள் ஆயின. அந்நாட்களில் நாடு முறைவைத்து இருளில் இருந்தது. டீசல் தாங்கிகள் மறுபடி நிரப்பப்பட்டன.