சூசன்

சூசன் என்பது யூதர், கிறித்தவர், இசுலாமியர் மூவரிடையேயும் வழங்கும் பெண் பெயர். எபிரேயத்தில் ஷோஷன்னா, கிரேக்கத்திலும் லத்தீனிலும் சூசன்னா, பாரசீகத்தில் சூசன், அரபியில் சவ்சன், ஆர்மீனியத்தில் ஷூஷன், மலையாளத்தில் சோசம்மா. குழந்தைகளுக்குப் பெயர் தேடித் தரும் கையேடுகள் இதற்கு ‘லில்லி மலர்’ என்று ஒரே வரியில் பொருள் சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுகின்றன. அந்த வரி பாதிதான் சரி. பூவின் பெயராகப் புறப்பட்ட சொல் இது என்பதில் ஐயமில்லை. ஆனால் எந்தப் பூ என்பது ஊருக்கு ஊர் மாறியது. பல நாடுகளில் பூவே உதிர்ந்துபோய் ஒரு கதை மட்டும் பெயரோடு தங்கியது. ஆகவே சூசனுக்குப் பொருள் உண்டா என்று கேட்டால், எந்த மொழி பேசுகிறவர்களிடையே என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் விடை சொல்ல வேண்டும்.

பழைய எகிப்திய மொழியில் நீரில் பூக்கும் ஒரு மலருக்கு ஏறக்குறைய ‘செஷென்’ என்று ஒலிக்கும் பெயர் இருந்தது. அதன் பின்வடிவம் காப்டிக் மொழியில் ‘ஷோஷென்’ என நின்றது. எகிப்தியத் தாமரை என்று நூல்களில் சொல்லப்பட்டாலும், தாவரவியல்படி அது நிம்ஃபேயா இனம். நம் குளங்களில் கிடக்கும் ஆம்பலுக்கு உறவு, தாமரைக்கு அன்று. (லில்லிக்கு ‘அல்லி’ என்று பொருள் எழுதிய தமிழர், தெரியாமலே எகிப்தியர் பக்கம் நின்றிருக்கிறார்.) எபிரேயத்தில் இச்சொல் ‘ஷூஷன்’ ஆயிற்று. சாலமோன் கோயிலின் தூண் தலைகள் இந்தப் பூவின் வடிவில் இருந்ததாக விவிலியம் கூறுகிறது. எகிப்தியத் தூண்களைப் பார்த்தவர்களுக்கு அது ஆம்பலாகவே தோன்றும். கிரேக்க மொழிபெயர்ப்பாளர்கள் ‘கிரினோன்’ என்று போட்டார்கள், பூ லில்லியாயிற்று. பழைய தமிழ் வேதாகமமும் ‘லீலி புஷ்பம்’ என்றே வைத்தது. பாரசீகமும் அரபியும் ஐரிஸ் மலரையும் இதே சொல்லால் குறிக்கும். இன்றைய இஸ்ரேலில் பேச்சு வழக்கில் ஷோஷன்னா என்றால் பலருக்கு ரோஜாதான், இலக்கண ஆசிரியர்கள் முகம் சுளித்தாலும்.

எகிப்து வரை போவதற்கு இரண்டு மறுப்புகள் உண்டு. லில்லிக்கு ஆறு இதழ்கள், எபிரேயத்தில் ஆறு என்பது ‘ஷேஷ்’, எனவே சொல் அங்கேயே பிறந்தது என்பது ஒன்று. கேட்க நன்றாயிருக்கிறது, ஆனால் எகிப்தியச் சொல் எபிரேய எழுத்துக்கே பல நூற்றாண்டு மூத்தது, அது குறித்த பூவுக்கோ இதழ்கள் ஆறுக்கு மிக அதிகம். மற்றது, இன்றைய ஈரானில் ஷூஷ் என வழங்கும் சூசா நகரோடு பெயரை இணைப்பது. லில்லியைக் குறிக்கும் சொல்லிலிருந்து நகருக்கு அப்பெயர் வந்ததாகக் கிரேக்க எழுத்தாளர் அதினேயஸ் பதிந்திருக்கிறார். ஆனால் கி.மு. மூன்றாம் ஆயிரமாண்டிலேயே அந்நகரின் காவல் தெய்வத்துக்கு ‘சூசாவின் தலைவர்’ என்று பொருள்படும் இன்ஷூஷினாக் என்ற பெயர் இருந்தது. பண்டைக் காலத்தில் அங்கே வாழ்ந்த எலாமியரின் அந்த ஊர்ப்பெயரில் பிற்காலத்தார் காதுக்குப் பூ கேட்டிருக்கிறது, அவ்வளவே.

ஐரோப்பாவில் இப்பெயரைப் பரப்பியது தானியேல் நூலின் இணைப்பாகக் கிரேக்கத்தில் மட்டும் கிடைக்கும் கதை. கத்தோலிக்க விவிலியத்தில் இது பதின்மூன்றாம் அதிகாரம். யூதரும் புராட்டஸ்டண்டுகளும் திருமுறையில் சேர்ப்பதில்லை. பாபிலோனில் தோட்டத்தில் குளிக்க வந்த சூசன்னாவை இரண்டு முதியவர்கள் மிரட்டுகிறார்கள். அவள் இணங்காததால் அவள்மீதே விபசாரப் பழி சுமத்துகிறார்கள். இளைஞன் தானியேல் இருவரையும் தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தடியில் பார்த்தீர்கள் என்று கேட்கிறான். ஒருவர் ஒரு மரத்தைச் சொல்ல, மற்றவர் வேறொன்றைச் சொல்ல, பொய் வெளியாகிறது. ரோமின் பிரிசில்லா நிலவறைக் கல்லறைச் சுவரில் தொடங்கி 1610-இல் ஆர்த்தெமிசியா ஜென்டிலெஸ்கி வரைந்த ஓவியம் வரை வாழ்ந்தது இந்தப் பெண்தான். லில்லி தூய்மையின் சின்னமாயிற்றே, கற்பின் கதைக்குள் பூவும் இருக்கத்தானே செய்கிறது என்று கேட்கலாம். ஆனால் கிறித்தவ ஓவிய மரபு வெள்ளை லில்லியை மரியாளுக்கு மங்கள வார்த்தை சொல்ல வரும் கபிரியேல் தூதரின் கையில்தான் கொடுத்தது. ஆர்த்தெமிசியாவின் சூசன்னா வெறும் கல்லின்மேல் உட்கார்ந்து, குனிந்து கிசுகிசுக்கும் இருவரையும் கையால் தடுக்கிறாள். பக்கத்தில் ஒரு லில்லியும் இல்லை.

ஒரே சொல்லில் பூ தங்கவும் செய்யும், உதிரவும் செய்யும் என்பதற்கு நல்ல சான்று ஸ்பெயின். அரபியர் அங்கே கொண்டுபோன ‘அஸ்-சூசானா’ என்ற சொல், முன்னொட்டும் ஒட்டிக்கொண்டபடியே ‘அசுசேனா’ ஆகி, இன்றும் வெள்ளை லில்லியைக் குறிக்கிறது. பெண்ணுக்கும் அப்பெயர் வைக்கிறார்கள். வெர்டியின் 1853-ஆம் ஆண்டு இசைநாடகத்தில் வரும் ஜிப்சித் தாய் அசுசேனாதான். அதே நாட்டில் விவிலிய வழியாக வந்த சுசானாவும் உண்டு. ஒரே வேரில் பிறந்த இரண்டு பெயர்கள் ஒரே வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும். ஒன்றைக் கூப்பிட்டால் பூ நினைவுக்கு வரும், மற்றதைக் கூப்பிட்டால் வராது. தெஹ்ரானில் ஒரு சூசனுக்கு வயல்வெளியில் தன் பெயர் கண்ணில் படும்; லண்டனில் இருக்கும் சூசனுக்கு அகராதி வேண்டும்.

தமிழ் வாசகர் ஒரு குழப்பத்தை விலக்க வேண்டும். சூசையம்மாளுக்கும் சூசனுக்கும் தொடர்பில்லை. சூசை என்பது யோசேப்பின் தமிழ்க் கத்தோலிக்க வடிவம், சூசையப்பர் அவரே. உண்மையான உறவினர் கேரளத்தில் இருக்கிறார்: சிரியாக் மொழியின் ‘ஷூஷன்’ வழியே வந்த சோசா, மலையாளத்து ‘அம்மா’ சேர்ந்து சோசம்மா. சிரியன் கிறித்தவர் குடும்பங்களில் மூத்த மகளுக்குத் தந்தைவழிப் பாட்டியின் பெயரை ஞானஸ்நானப் பெயராக வைப்பது மரபு. பாட்டி சோசம்மா என்றால் பேத்தி பள்ளிப் பதிவேட்டில் சூசன் ஆகிவிடுவாள். அங்கே பெயர் வைப்பவர் நினைப்பது பூவையும் அன்று, பாபிலோன் தோட்டத்தையும் அன்று, பாட்டியைத்தான்.