தேநீர்க் கடை வளர்த்த கணிப்பொறி

கொள்முதல், உற்பத்தி, கிடங்கு, விற்பனை, சம்பளம் ஆகிய கணக்குகள் அனைத்தையும் ஒன்றாக இணைத்து நடத்தும் கணிப்பொறி நிரல்களை ‘நிறுவன வளத் திட்டமிடல்’ நிரல்கள் என்பர். இப்பெயர் 1990-இல்தான் தோன்றியது. ஆனால் இந்நிரல்களை எழுதுவோருக்குப் பயன்படும் சில விதிகள், அதற்கு வெகு காலம் முன்பே ரொட்டியும் கேக்கும் விற்ற ஓர் ஆங்கில நிறுவனத்தில் உருவாயின.

லியோ பிறந்த கதை

இலண்டனைச் சேர்ந்த ஜே. லயன்ஸ் நிறுவனத்திற்கு ஏராளமான தேநீர்க் கடைகள் இருந்தன. ஒரு கோப்பைத் தேநீரில் கிடைக்கும் இலாபமோ சொற்பம். கணக்கெழுதும் செலவே அதை விழுங்கிவிடக்கூடும். எனவே 1947-இல் புதிய அலுவலக முறைகளை அறிந்துவர இரு அலுவலர்கள் அமெரிக்காவுக்குச் சென்றனர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மாரிஸ் வில்க்ஸ் ‘எட்சாக்’ என்னும் கணிப்பொறியை அமைத்து வருவதை அங்கேதான் அவர்கள் கேள்வியுற்றனர். லயன்ஸ் அம்முயற்சிக்கு 3000 பவுன் அளித்தது. எட்சாக் 1949-இல் இயங்கியது. அதைப் பின்பற்றி லயன்ஸ் தானே கட்டிய பொறிதான் ‘லியோ’. அதில் சுமார் 6000 வால்வுகள் இருந்தன. 1951 நவம்பரில் அது ரொட்டிப் பிரிவின் கணக்கை வாரந்தோறும் போடத் தொடங்கியது.

மாறியதை மட்டும் சொல்

ஒவ்வொரு கடைக்கும் மறுநாள் எத்தனை கேக், எத்தனை ரொட்டி வேண்டும்? குறைந்தால் விற்பனை போகும். மிஞ்சினால் பண்டம் கெடும். எல்லாக் கடைகளின் பட்டியலையும் நாள்தோறும் முழுமையாகப் பதிவதென்றால் பொழுது போதாது. இதற்கு லியோ குழுவினர் கண்ட வழி எளியது. ஒவ்வொரு கடையின் வழக்கமான தேவையையும் முன்னதாகவே அட்டைகளில் துளையிட்டு வைத்தனர். பிற்பகலில் கடைப் பொறுப்பாளரிடம் தொலைபேசியில் மாற்றங்களை மட்டும் கேட்டுப் பதிந்தனர். ஒருமுறை பதிந்த அதே விவரத்திலிருந்து உற்பத்தி அளவு, அனுப்பும் பட்டியல், கடைக் கணக்கு ஆகியவை வெளிவந்தன.

கூலி தவறலாமா?

சம்பளக் கணக்கில் பொறுப்பு இன்னும் பெரிது. தேர்ந்த எழுத்தர் ஒருவருக்கு 8 நிமிடம் பிடித்த கணக்கை லியோ ஒன்றரை விநாடியில் முடித்தது. ஆயினும் வால்வு எந்நேரம் பழுதாகுமோ, யார் அறிவார்? கணக்குத் தவறினால் தொழிலாளியின் வீட்டில் அல்லவா அடுப்பெரியாது! ஆகவே நிரல் பணிக்குத் தலைமை தாங்கிய டேவிட் கேமினர் கண்டிப்பாக இருந்தார். ஒருவர் எழுதிய நிரலை மற்றொருவர் சரிபார்க்க வேண்டும். கைக்கணக்கும் பொறிக்கணக்கும் சிறிது காலம் அருகருகே நடந்து, இரண்டும் ஒத்துவர வேண்டும். அதன்பின், 1954-இல்தான் சம்பளக் கணக்கு முழுவதும் லியோவிடம் ஒப்படைக்கப்பட்டது.

பின்னர் 1972-இல், ஐ.பி.எம். நிறுவனத்திலிருந்து விலகிய ஐந்து பொறியியலாளர்கள் ஜெர்மனியில் எஸ்.ஏ.பி. நிறுவனத்தைத் தொடங்கினர். பல பிரிவுகளின் கணக்குகளை இணைக்கும் நிரல்கள் அதன்வழி உலகெங்கும் பரவின. வால்வுகளும் துளையட்டைகளும் மறைந்துவிட்டன. ஆயினும் விவரத்தை ஒரே முறை பதிவது, மாறியதை மட்டும் கேட்பது, பழைய முறையோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே புதியதை நம்புவது ஆகிய மூன்றும் இன்றைய நிரலாளருக்கும் பொருந்தும் பாடங்களே.