ஹோபர்ட் நகரின் பதவிநீக்கமும் பத்தாண்டுப் பூசலும்

பேராசிரியர் ஒருவரைப் பல்கலைக்கழகம் எந்தக் காரணத்திற்காக, எத்தகைய விசாரணைக்குப் பின் நீக்கலாம் என்பதற்குத் தெளிவான நெறிமுறை வகுக்கப்படாதிருந்த காலத்தில், ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியப் பல்கலைக்கழகத்தில் 1956இல் நிகழ்ந்த பதவிநீக்கம் அந்நாட்டுக் கல்வியுலகையே இரண்டாகப் பிளந்தது. நீக்கப்பட்டவர் சிட்னி ஸ்பார்க்ஸ் ஓர் (Orr) என்னும் பேராசிரியர்; வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் பிறந்து, மெல்போர்னில் விரிவுரையாளராக இருந்து, 1952இல் ஹோபர்ட் நகரிலுள்ள அப்பல்கலைக்கழகத்தின் மெய்யியல் துறைத் தலைமையை ஏற்றவர்.

பல்கலைக்கழக நிர்வாகத்தின் மீது ஆசிரியர்களுக்கு நெடுநாள் மனக்குறை இருந்தது. அதைத் திறந்த மடலாக எழுதி, 1954 அக்டோபரில் உள்ளூர் நாளேட்டில் வெளியிட்டவர் இவரே. அம்மடலைத் தொடர்ந்து அரசு ஒரு விசாரணை ஆணையத்தை அமைக்க, 1955இல் வெளிவந்த அதன் அறிக்கை ஆட்சிமன்றத்தை, அதாவது பல்கலைக்கழகத்தின் உயர் நிர்வாகக் குழுவை, கடுமையாகக் குறைகூறியது. ஆகவே, சில மாதங்களுக்குப் பின் அதே ஆட்சிமன்றம் அவரை நீக்கியபோது, அது பழிவாங்கல் என்று சக ஆசிரியர்கள் பலர் கருதியதில் வியப்பில்லை.

நீக்கத்திற்கு உடனடிக் காரணமாக அமைந்தது, தம்மிடம் பயின்ற இளம் மாணவியோடு அவர் பாலுறவு கொண்டிருந்தார் என்று அம்மாணவியின் தந்தை பல்கலைக்கழகத்திடம் அளித்த புகார். விரிவுரையாளர் ஒருவரும் வேறொரு மாணவரும் அவர் மீது கூறியிருந்த குற்றச்சாட்டுகள் அதற்கு முன்பே விசாரணையில் இருந்தன. பேராசிரியர் முற்றாக மறுத்தார். 1956 மார்ச்சில் ஆட்சிமன்றம் முன்னறிவிப்புக் காலம் எதுவும் தராமல் அவரை உடனடியாக நீக்கியது. அவர் தொடுத்த வழக்கு முதலில் மாநில உச்ச நீதிமன்றத்திலும், பின்னர் 1957இல் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றத்திலும் தோற்றது. மாணவியின் சாட்சியமே நம்பத்தக்கது என்பது நீதிபதிகளின் முடிவு.

ஆயினும் ஆசிரியர் உலகம் அத்துடன் அடங்கவில்லை. பணிக்காப்பு, அதாவது உரிய காரணமும் முறையான விசாரணையும் இன்றி ஆசிரியரை நீக்க முடியாது என்னும் உறுதிப்பாடு, இவ்வழக்கால் தகர்ந்துவிட்டது என்று பலர் அஞ்சினர். அந்த அச்சத்தில் நியாயம் இருந்தது. பேராசிரியருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் உள்ள உறவு வெறும் எசமான்–பணியாள் உறவுதான் என்ற வாதம் நிலைபெற்றால், நிர்வாகத்தை விமர்சிக்கும் எந்த ஆசிரியருக்கும் பாதுகாப்பிராது. 1958இல் ஆஸ்திரலேசிய மெய்யியல் சங்கம் அவர் வகித்திருந்த துறைத் தலைமைப் பதவிக்கு எவரும் விண்ணப்பிக்கலாகாது என்று புறக்கணிப்பை அறிவித்தது. அப்பதவி ஆண்டுக்கணக்கில் நிரப்பப்படாமல் கிடந்தது. பேராசிரியருக்கு ஆதரவாக டபிள்யூ. எச். சி. எடி 1961இல் ஒரு பெருநூலே வெளியிட்டார். 1966இல் பல்கலைக்கழகம் இழப்பீடு தந்து உடன்பாட்டுக்கு வந்தது. அவ்வாண்டு ஜூலையில் பேராசிரியர் இறந்தார்.

முறையான விசாரணை வேண்டும் என்ற கோரிக்கை சரியானதே. ஆனால் அக்கோரிக்கைக்கு வலுச்சேர்க்க அவர் குற்றமற்றவர் என்பதையும் மெய்ப்பித்தாக வேண்டும் என்று ஆதரவாளர்கள் கருதிவிட்டனர். அவர் குற்றமற்றவர் என்றால் மாணவி பொய் சொன்னவள் என்றாக வேண்டும். இரு நீதிமன்றங்கள் ஏற்ற சாட்சியம் இவ்வாறு கல்விச் சுதந்திரத்தின் பெயரால் மீண்டும் மீண்டும் ஐயத்துக்குள்ளாக்கப்பட்டது. ஆசிரியருக்கு உரிய விசாரணை மறுக்கப்பட்டது என்பதும் மாணவிக்குத் தீங்கு இழைக்கப்பட்டது என்பதும் ஒருங்கே உண்மையாக இருக்கக்கூடும் என்று சொல்லியிருக்க வேண்டியவர்கள் தருக்கத்தைத் தொழிலாகக் கொண்ட மெய்யியலாரே. அவர்களுள் பெரும்பாலோர் அதைச் சொல்லவில்லை.

வரலாற்றாசிரியர் கசாண்ட்ரா பைபஸ் 1993இல் வெளியிட்ட நூலில் ஆவணங்களை மறுபடி ஆராய்ந்து, பேராசிரியரின் மறுப்பு நம்பத்தக்கதன்று என்ற முடிவுக்கு வந்தார். புகார் எழுந்து அப்போது முப்பத்தேழு ஆண்டுகள் கடந்திருந்தன.