இல்லாத நோயின் வரலாறு

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் மக்கள் நெருங்கி வாழும் முஸ்லிம் நகரம் காத்தான்குடியாகும். 2021ஆம் ஆண்டு ஜனவரியில் கொவிட்-19 காரணமாக அந்நகர் தனிமைப்படுத்தப்பட்டிருந்தது. அந்நாட்களில் அங்கு நிலவிய அச்சம் நோயைப் பற்றியது மட்டுமன்று. 2020 ஏப்ரல் 11ஆந் திகதிய வர்த்தமானி அறிவித்தல், அந்நோயால் இறந்தோரின் உடல்களைத் தகனம் செய்தல் வேண்டுமென விதித்திருந்தது. ஜனாஸாவைக் குளிப்பாட்டித் தொழுது நல்லடக்கம் செய்வதைத் தன் கடமையாகக் கொண்ட ஒரு சமூகத்தில், மண்ணா நெருப்பா என்பதை ஆய்வுகூடத்துச் சிறு குழாயொன்றே தீர்மானித்தது.

அக்குழாய் பொய் சொல்லுமா? சொல்லியிருக்கிறது என்பதற்கு மருத்துவ வரலாற்றிற் சான்றுகள் உள.

1970களின் நடுப்பகுதியில் ஐக்கிய அமெரிக்காவில் சில நோயாளரின் குருதியில் செராற்றியா என்னும் பக்றீரியா இருப்பதாக ஆய்வுகூடம் அறிவித்தது. குருதியிற் கிருமி பரவுதல் உயிருக்கு உலைவைக்கும் நிலையாகும். ஆயின் அந்நோயாளரிடம் அதற்குரிய குறிகள் காணப்படவில்லை. ஈற்றில் குற்றவாளியாக அகப்பட்டது குருதி எடுக்கும் வெற்றிடக் குழாய். அது கிருமி நீக்கப்படாத குழாய். முதலில் அக்குழாயை நிரப்பிவிட்டுப் பின்னர் கிருமி வளர்ப்புக் குப்பியை நிரப்பியபோது, குழாயிலிருந்த பக்றீரியா குப்பியினுட் புகுந்து வளர்ந்தது. 1976இல் இது மருத்துவ ஏடுகளில் வெளிவந்தது. குருதி எடுக்கையில் வளர்ப்புக் குப்பியையே முதலில் நிரப்புக என இன்று தாதியருக்குக் கற்பிக்கப்படுவதை இங்கு நினைவுகூரலாம்.

மறு ஆண்டிலே வைன்ஸ்ரைன், ஸ்ராம் என்னும் இருவர் ‘லான்செற்’ ஏட்டில் இத்தகைய நிகழ்ச்சிகளைப் போலிக் கொள்ளைநோய்கள் என்னும் பெயரால் தொகுத்துரைத்தனர். 1956 முதல் 1975 வரை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் விசாரித்த 181 வைத்தியசாலைத் தொற்றுகளுள் 20 போலியானவை என்பது அவர்கள் கண்ட முடிபு. ஏறத்தாழ ஒன்பதில் ஒன்று! தேர்ந்த விசாரணையாளரை அழைக்கும் வசதி படைத்த வைத்தியசாலைகளின் நிலையே இதுவாயின், அவ்வசதியற்ற இடங்களில் எத்தனை போலிகள் உண்மையெனவே பதிவாகியிருக்கும் என்று ஐயுறுதல் தவறாகாது.

காசநோயின் கதை இதனினும் நுட்பமானது. அதன் கிருமி வளர வாரங்கள் செல்லும். சிகிச்சையோ வழக்கமாக ஆறு மாதங்கள். ஒருவரின் சளி மாதிரியைத் தொட்ட உறிஞ்சுகுழல் பொதுக் கரைசலைத் தொட்டால் போதும். நோயற்ற மற்றொருவரின் மாதிரியிலும் கிருமி முளைத்துவிடும். 1990களில் கிருமிகளின் டி.என்.ஏ. அடையாளத்தை ஒப்பிடும் முறை பரவலான பின்னரே, ஒருவரையொருவர் அறியாத நோயாளர் பலரின் கிருமிகள் ஒன்றாயிருப்பதும், அவர்களின் மாதிரிகள் ஒரே நாளில் ஒரே மேசையிற் கையாளப்பட்டமையும் வெளிப்பட்டன.

கொவிட் காலத்துப் பி.சி.ஆர். முறை மிகச் சிறிய மரபணுத் துண்டையும் கோடிக்கணக்கிற் பெருக்கிக் காட்டவல்லது. அதன் வலிமையும் அதுவே, அபாயமும் அதுவே. 2020 பெப்ரவரியில் மேற்கூறிய அமெரிக்க நிலையமே அனுப்பிய சோதனைப் பொதிகள், கிருமியில்லா நீரிலும் கிருமியைக் காட்டின. பொதியின் ஒரு பகுதி ஆய்வுகூடத்திலேயே மாசுபட்டிருந்தது. மற்றொன்றின் அமைப்பில் குறையிருந்தது. வெறும் நீரையும் உடன்வைத்துச் சோதிக்கும் வழக்கம் இருந்தமையால் தவறு உடனே பிடிபட்டது. எனினும் அந்நாட்டின் சோதனைப் பணி வாரக்கணக்கிற் பின்தங்கியது.

இலங்கையிலே தகனம் செய்யப்பட்டோரின் முடிவுகள் மாசினால் பிழைத்தன எனக் கூறுவதற்கில்லை. பிழைத்திருப்பின் திருத்துவதற்கு இடம் இருந்ததா என்பதே வினா. குருதிக் குழாய் பிழைத்தபோது நோயாளி உயிரோடிருந்தார். காய்ச்சல் உண்டா என்று பார்க்க முடிந்தது. காசநோய் மருந்தை இடையில் நிறுத்த முடிந்தது. எரித்த உடலில் எதனைத் திரும்பப் பார்ப்பது? 2020 மே மாதத்தில் கொழும்பில் தகனம் செய்யப்பட்ட முஸ்லிம் பெண்ணொருவரின் குடும்பத்தினர், அவருக்கு அத்தொற்று இருக்கவில்லை எனப் பின்னர் அறிந்ததாகச் செய்தியாளரிடம் கூறினர். அடக்கமும் தகனமும் இரண்டுமே ஏற்கத்தக்கன என உலக சுகாதார நிறுவனம் அதற்கு முன்னரே, அவ்வாண்டு மார்ச்சிலேயே, வழிகாட்டியிருந்தது.

2021 பெப்ரவரியில் விதி திருத்தப்பட்டது. மார்ச் 5ஆந் திகதி முதல் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் அடக்கங்கள் தொடங்கின. 2024 ஜூலையில் அமைச்சரவை கட்டாய தகனத்திற்காக மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது.