மணவாளக்குறிச்சி மணலும் ஓஎல்இடி கணினித் திரையும்

ஓஎல்இடி திரை என்பது மின்சாரம் பாயும்போது தாமாகவே ஒளிரும் கரிமச் சேர்மங்களால் ஆன காட்சித் திரை. தமிழில் இது கரிம ஒளியுமிழ் இருமுனையத் திரை எனப்படும். கைப்பேசியிலும் தொலைக்காட்சியிலும் முதலில் பரவிய இந்தத் திரை, 2022-க்குப் பிறகு மேசைக் கணினியிலும் பரவலானது. கணினித் திரைகளின் ஒளி பல வழிகளில் அருமண் தனிமங்களை நம்பியிருந்தது. அந்தத் தனிமங்களின் இந்திய வரலாறு தொடங்கும் இடம் குமரி மாவட்டக் கடற்கரை.

கருமணலும் மேண்டிலும்

ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் அவுவர் ஃபான் வெல்ஸ்பாக் 1891-ல் வாயு விளக்குக்கான மேண்டிலைச் செம்மைப்படுத்தினார். தோரியம் ஆக்சைடு 99 பங்கும் சீரியம் ஆக்சைடு 1 பங்கும் எஞ்சும்படி, அவற்றின் நைட்ரேட்டுக் கரைசலில் துணிவலையை நனைத்து உலர்த்துவது அவரது முறை. முதல் முறை கொளுத்தியதும் துணி எரிந்துபோகும். எஞ்சும் ஆக்சைடுக் கூடு சூடேறி வெண்மையாக ஒளிரும். தனித் தோரியம் ஆக்சைடு மங்கலாகவே ஒளிரும். அந்த ஒரு பங்கு சீரியம்தான் வெளிச்சத்தைக் கூட்டியது.

தோரியமும் சீரியமும் மோனசைட் என்னும் கனிமத்தில் உள்ளன. அக்காலத்தில் மோனசைட்டுக்கு பிரேசில் நாட்டுக் கடற்கரையே முதன்மை ஆதாரம். அந்த வணிகம் ஜெர்மன் நிறுவனங்களின் பிடியில் இருந்தது. திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தென்னந்தும்பில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதை 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் கண்டார். மணலின் ஊரைத் தேடி வந்தவர், 1910-ல் மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலையை நிறுவினார். பின்னர் கொல்லத்தை அடுத்த சவறையிலும் ஆலை எழுந்தது. முதல் உலகப் போர் தொடங்கியதும் ஷோம்பெர்க் உளவாளி என்ற ஐயத்தில் கைதானார். தொழில் பிரிட்டிஷ் நிறுவனங்களின் கைக்கு மாறியது.

நாஞ்சில் நாடு என்பது கறாராகச் சொன்னால் தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்கள்தான். மணவாளக்குறிச்சி கல்குளம் வட்டத்து ஊர். குமரி மாவட்டம் முழுவதையும் நாஞ்சில் நாடு என்று அழைக்கும் இன்றைய வழக்கத்தில் அதுவும் அடங்கிவிடுகிறது.

கோவில் திருவிழாவில் தலைச்சுமையாகச் சென்ற காஸ்லைட்டைக் கண்டவர்களுக்கு மேண்டிலின் இயல்பு தெரியும். விரல் பட்டால் உதிரும், குலுங்கினால் ஓட்டை விழும். விளக்கைப் பார்த்துக்கொள்ளவே ஓர் ஆள் தேவைப்பட்டார்.

இந்திய அருமண் நிறுவனம் 1950-ல் தொடங்கப்பட்டது. மோனசைட்டைப் பகுக்கும் அதன் ஆலை 1952-ல் ஆலுவாயில் இயங்கத் தொடங்கியது. மணவாளக்குறிச்சி ஆலை 1965-ல் அந்த நிறுவனத்தின் கீழ் வந்தது. ஊராருக்கு அது இன்றும் 'மணல் ஆலை'தான்.

குழாய்த் திரையும் எல்சிடி திரையும்

மின்விளக்கு வந்தபின் மேண்டில் ஒதுங்கியது. அருமண்கள் திரைக்குள் நுழைந்தன. வண்ணத் தொலைக்காட்சியின் படக்குழாயில் சிவப்பு நிறம் நீண்டகாலம் மங்கலாகவே இருந்தது. 1964-ல் யூரோப்பியம் கலந்த இட்ரியம் வனடேட் என்ற ஒளிரும் பொருள் வந்தபின்தான் அக்குறை தீர்ந்தது. அந்த யூரோப்பியம் குமரிக் கடற்கரையிலிருந்து போனதன்று. மோனசைட்டில் அது மிகச் சிறிதளவே உண்டு. கலிபோர்னியாவின் மவுண்டன் பாஸ் சுரங்கமே அன்று அதன் பெரிய ஆதாரம். 'உலகத் தொலைக்காட்சியெல்லாம் நம் மணலால் ஒளிர்ந்தது' என்று சொல்லிக்கொள்வதற்கு இடமில்லை.

படக்குழாய்த் திரையில் ஒரே எழுத்து நெடுநேரம் நின்றால் அதன் தடம் நிலையாகப் பதிந்துவிடும். கணினியை விட்டு எழுந்து போனால் நகரும் படம் ஓடத் தொடங்கும் 'ஸ்கிரீன் சேவர்' இதற்காகத்தான் உருவானது. திரைப் பிரச்சினை தீர்ந்தபிறகும் அது அலங்காரமாக நிலைத்தது.

எல்சிடி திரை தானாக ஒளிர்வதில்லை. பின்னால் ஒரு விளக்கு எரிகிறது. திரவப் படிகங்கள் திறந்தும் மூடியும் அந்த ஒளியை வடிகட்டுகின்றன. சன்னலுக்குத் திரைச்சீலை போட்டதுபோல என்று கொள்ளலாம். 1996-ல் வெளிவந்த வெள்ளை எல்இடி பின்னர் அந்தப் பின்விளக்காக ஆனது. நீல ஒளி தரும் சில்லின் மேல் மஞ்சளாக ஒளிரும் ஒரு பொருளைப் பூசினால் வெள்ளை ஒளி கிடைக்கும். அந்த மஞ்சள் பொருளில் சிறிதளவு கலந்திருப்பது சீரியம். மேண்டிலுக்கு வெளிச்சம் கூட்டிய அதே தனிமம், நூறாண்டுக்குப் பின் கணினித் திரைக்குப் பின்னாலும் வேலை செய்தது.

எல்சிடி-யால் மக்களுக்கு ஒரு பழக்கம் மறந்துபோனது. எதைக் காட்டினாலும், எவ்வளவு நேரம் காட்டினாலும் திரைக்கு ஒன்றும் ஆகாது என்று ஆயிற்று.

கரிமச் சேர்மங்களின் ஒளி

ஆந்த்ரசீன் என்ற கரிமப் படிகத்தில் மின்சாரம் செலுத்தி ஒளி பெற முடியும் என்று நியூயார்க் பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் போப் குழுவினர் 1963-ல் காட்டினர். ஆனால் அதற்கு நூற்றுக்கணக்கான வோல்ட் தேவைப்பட்டது. ஈஸ்ட்மன் கோடக் நிறுவனத்தின் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் இருவரும் 1987-ல் இரண்டு மெல்லிய கரிமப் படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவைத்தனர். 10 வோல்ட்டுக்கும் குறைவான மின்னழுத்தத்திலேயே அது பளிச்சென ஒளிர்ந்தது. இன்றைய ஓஎல்இடி திரைகளின் வேர் இந்தக் கண்டுபிடிப்பு.

அருமண்களை இங்கும் புகுத்தும் முயற்சிகள் நடந்தன. ஜப்பானில் ஜுன்ஜி கிடோவும், லண்டனில் பூபதி கதிர்காமநாதனும் யூரோப்பியம், டெர்பியம் போன்றவற்றின் கரிமச் சேர்மங்களைக் கொண்டு ஒளிரும் சாதனங்களை ஆராய்ந்தனர். சந்தையில் வென்றது வேறு. சிவப்புக்கும் பச்சைக்கும் இரிடியம் சேர்மங்களும், நீலத்துக்குப் பெரும்பாலும் உலோகம் கலவாத கரிமச் சேர்மங்களும் நிலைபெற்றன. மேண்டில் முதல் எல்சிடி வரை தொடர்ந்த அருமண் ஒளி இந்தத் திரையில் அறுபட்டது. கண்ணாடியை மெருகேற்றும் வேலைக்கு மட்டும் சீரியம் ஆக்சைடு இப்போதும் பயன்படுகிறது.

நீலம்தான் இன்றுவரை தலைவலி. நீல ஒளிக்கு ஆற்றல் மிகுதி. அதைத் தரும் மூலக்கூறுகள் மற்றவற்றைவிட விரைவில் சிதைகின்றன. சோனி 2007-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த 11 அங்குல எக்ஸ்இஎல்-1 தொலைக்காட்சிக்கு 30,000 மணி நேர ஆயுள் அறிவிக்கப்பட்டது. நாளுக்கு 8 மணி நேரம் என்று வைத்தால் பத்தாண்டு வரும். கேட்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் திரை முழுதும் சமமாகத் தேய்ந்தால்தான் இந்தக் கணக்கு பொருந்தும். கணினியில் அது சமமாகத் தேய்வதில்லை.

அன்றாடப் பயன்பாடு

2022-ல் 34 அங்குல ஏலியன்வேர் திரை, தடம் பதிவதற்கும் சேர்த்து 3 ஆண்டு உத்தரவாதத்துடன் வெளிவந்தது. கணினி மேசையில் ஓஎல்இடி பரவலானது அதன்பிறகே. விளையாட்டுக்காரர்களை நோக்கி விற்கப்பட்ட இத்திரைகளை எழுத்து வேலைக்கும் வாங்குவோர் பெருகினர். காரணம் அதன் கறுப்பு. கறுப்பு வேண்டிய இடத்தில் புள்ளி அணைந்தே விடுகிறது. எல்சிடி-யில் இருட்டறையில் தெரியும் சாம்பல் மங்கல் இதில் இல்லை.

சிக்கல் இருப்பது அசையாத காட்சிகளில். கடைக் கணக்கு எழுதும் மென்பொருளின் கட்டங்கள், அச்சுக்கோப்புக் கடையில் நாள் முழுதும் திறந்திருக்கும் பக்க வடிவமைப்புச் செயலியின் கருவிப்பட்டை, விண்டோஸின் அடிப்பட்டை ஆகியவை அதே இடத்தில் ஆயிரக்கணக்கான மணி நேரம் நிற்கும். அந்த இடத்துப் புள்ளிகள் மற்றவற்றைவிட அதிகம் ஒளிர்ந்து முன்னதாக மங்கும். எதையோ அழித்தபின் கரும்பலகையில் தெரியும் சுண்ணாம்புத் தடம் போல அது தெரியும். துடைத்தால் போகாது. அடிப்பட்டையை மறைந்திருக்கச் செய்வது, பின்னணியைக் கறுப்பாக வைப்பது, வெளிச்சத்தைத் தேவைக்குமேல் கூட்டாதிருப்பது, சில நிமிடம் தொடாவிட்டால் திரை அணையும்படி அமைப்பது ஆகியவை இதற்கான காப்பு. ஸ்கிரீன் சேவர் மீண்டும் உண்மையான வேலைக்கு வந்திருக்கிறது. ஆனால் வெறும் கறுப்புத் திரையே அதைவிட நல்லது.

திரை தன்னைத் தானே சீர்செய்துகொள்ளும் ஏற்பாடும் உண்டு. பல மாதிரிகளில் சுமார் 4 மணி நேரப் பயன்பாட்டுக்கு ஒருமுறை, திரை ஓய்வுநிலைக்குப் போனதும் உட்சுற்று ஒவ்வொரு புள்ளியின் தேய்மானத்தையும் ஈடுகட்டிச் சமன் செய்யும். சில நிமிடங்கள் ஆகும். அதற்கு மின்சாரம் வேண்டும். இங்கேதான் குமரி மாவட்டத்து வீட்டு வழக்கம் குறுக்கே வருகிறது. தென்மேற்கு, வடகிழக்குப் பருவமழைகள் இரண்டும் பெய்யும் ஊர்களில் இடிமின்னலுக்கு அஞ்சி, வேலை முடிந்ததும் சுவரில் சுவிட்சை அணைத்துப் பிளக்கையும் பிடுங்கி வைப்பார்கள். எல்சிடி-க்கு அது நல்ல பழக்கம். ஓஎல்இடி-யில் நாள்தோறும் அப்படிச் செய்தால் சமன் செய்யும் வேலை நடக்காமலே போய்விடும். அதற்காக இடி முழங்கும்போதும் பிளக்கில் விட்டுவைக்கச் சொல்வதும் அறிவுடைமை ஆகாது. திரையின் பொத்தானை அணைத்துக் கால் மணி நேரம் பொறுத்து, பிறகு பிளக்கைப் பிடுங்குவதே இரண்டுக்கும் பொருந்தும் வழி.

தமிழ் எழுதுவோருக்கு இன்னொரு சங்கதி உண்டு. ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலக் கூறுகள் வரிசையாக நிற்கும் என்று எண்ணியே விண்டோஸ் எழுத்து விளிம்புகளை மழுக்குகிறது. ஓஎல்இடி-யின் ஒரு வகையில் அவை முக்கோணமாகவும், மற்றொரு வகையில் வெள்ளைக் கூறும் சேர்ந்து நான்காகவும் நிற்கின்றன. முக்கோண வகையில் எழுத்தின் ஒரு விளிம்பில் பச்சைச் சாயலும் எதிர் விளிம்பில் செந்நீலச் சாயலும் கசியும். ட, ப, ம போன்று நீண்ட கிடைக்கோட்டில் உட்காரும் எழுத்துகளில் இது கண்ணுக்குத் தெரியும். 27 அங்குலத் திரையில் அங்குலத்துக்கு 109 புள்ளிகள் இருந்தால் இந்தக் கசிவு உறுத்தும். அதே அளவில் 4கே திரை 163 புள்ளிகள் கொண்டது. அதில் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. எழுத்தையே தொழிலாகக் கொண்டவர்கள் விலையைப் பாராமல் புள்ளி அடர்த்தியைப் பார்த்து வாங்குவது நல்லது.

வெள்ளைப் பக்கம் திரை முழுதும் விரிந்தால் வெளிச்சம் தானாகக் குறையும். சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 250 கேண்டெலா அளவிலேயே பல மாதிரிகள் நின்றுவிடும். திறந்த முற்றமும் வெளித்திண்ணையும் உள்ள பழைய வீட்டில் பகல் வெளிச்சத்துக்கு இது போதாமல் போகலாம். முக்கோண வகைத் திரைகளில் பகலொளி பட்டால் கறுப்பும் ஊதா கலந்த சாம்பலாகத் தெரியும். எந்தக் கறுப்புக்காக வாங்கினார்களோ அது இரவில்தான் கிடைக்கும்.

இன்றைய நிலை

ஒளிக்கு அருமண் வேண்டாத திரை வந்ததால் கடற்கரை மணலுக்குத் தேவை குறைந்துவிடவில்லை. காற்றாலைக்கும் மின்வாகன மோட்டாருக்கும் வேண்டிய காந்தங்களில் நியோடிமியம் சேர்கிறது. அதுவும் மோனசைட்டில் உள்ளதே. கிள்ளியூர் வட்டத்தில் 1144 ஹெக்டேர் பரப்பில் மணல் எடுக்கும் திட்டத்துக்குக் கடற்கரை மக்களிடம் கடும் எதிர்ப்பு எழுந்தது. 2024 அக்டோபரில் நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது.

ஓஎல்இடி ஆய்வு கான்பூர் ஐஐடி-யில் முன்னரே தொடங்கிவிட்டது. சென்னை ஐஐடி-யிலும் இப்போது இதற்கென ஓர் ஆய்வு மையம் இயங்குகிறது.