அறுபத்தாறா, எழுபத்து மூன்றா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் பேத்தியையும் எங்கள் தெருப் பிள்ளைகள் இருவரையும் உத்திரமேரூரில் பஸ் ஏற்றி, செங்கல்பட்டில் நடந்த வேதாகம வினாடி வினாப் போட்டிக்கு அழைத்துப் போனேன். எல்லாத் திருச்சபைப் பிள்ளைகளும் கலந்துகொள்ளலாம் என்று நோட்டீசில் போட்டிருந்தார்கள். இரண்டு மாதம் சாயங்காலம் தோறும் திண்ணையில் உட்கார வைத்துக் கேள்வி கேட்டுத் தயார் செய்தவன் நான்தான்.

முதல் சுற்றிலேயே ஒரு சின்னச் சிக்கல். இயேசுவை மூன்று முறை மறுதலித்தவர் யார் என்று கேட்டார்கள். எங்கள் பையன் "இராயப்பர்" என்றான். அவன் பாட்டி வாயில் அப்படித்தான் வரும். நடுவர் விழித்தார். பக்கத்தில் இருந்த வயதான ஆசிரியர் ஒருவர், "பேதுருவைத்தான் சொல்கிறான், சரி" என்று மார்க் போடச் சொன்னார். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அவர் பியேர். அந்த மொழியில் பியேர் என்றால் கல் என்றும் பொருள்.

மூன்றாவது சுற்றில் ஒரு சின்னப் பையன் பானைக்குள் கைவிட்டுச் சீட்டு எடுத்தான். "வேதாகமத்தில் மொத்தம் எத்தனை புத்தகங்கள்?" பேத்தி தயங்காமல் "எழுபத்து மூன்று" என்றாள். "தவறு. அறுபத்தாறு" என்றார் நடுவர். குழந்தை திரும்பி என்னைப் பார்த்தது. சொல்லிக்கொடுத்தவன் நானல்லவா! ஐந்து மார்க் போயிற்று. இரண்டாம் இடமும் போயிற்று.

எழுந்துபோய்ப் பேசினேன். "எங்கள் புத்தகத்தில் 66தான் ஐயா" என்றார், மரியாதையாகவே. எங்கள் புத்தகத்தில் 73. இருவர் சொன்னதும் உண்மைதான்.

அந்த ஏழு புத்தகங்களின் கதை நீண்டது. தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், பாரூக்கு, மக்கபேயர் இரண்டு. கி.மு. 3ஆம் நூற்றாண்டு முதல் அலெக்சாந்திரியா யூதர்கள் தங்கள் வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்து வந்தார்கள். அந்தக் கிரேக்கத் தொகுப்பில் இந்த ஏழும் இடம்பெற்றன. எபிரேயத் தொகுப்பில் இல்லை. ஆதிகாலத்துக் கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் படித்தது கிரேக்கத்தில்தான். லத்தீனில் பெயர்த்த ஜெரோமுக்கே இவற்றைப் பற்றி மனத்தில் சந்தேகம் இருந்தது. 1534இல் லுத்தர் தம் ஜெர்மன் வேதாகமத்தில் இவற்றைப் பழைய ஏற்பாட்டுக்குப் பின்னால் தனியாக வைத்து, வேதத்துக்குச் சமமில்லை, படிக்க நல்லவை என்று குறித்தார். 1546இல் திரெந்து சங்கம் இவையும் வேதமே என்று கத்தோலிக்கருக்கு முடிவாகச் சொல்லிவிட்டது.

இதில் என்னை வியக்க வைத்தது நம் தரங்கம்பாடிதான். 1706இல் வந்து இறங்கிய சீகன்பால்கு லுத்தரன். அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு 1714–15இல் அங்கே அச்சாயிற்று. பழைய ஏற்பாட்டில் ரூத் வரை முடித்த நிலையில் 1719இல் காலமானார். மிச்சத்தைச் செய்து முடித்த பெஞ்சமின் சூல்ட்சே, 1728இல் இந்தத் தள்ளுபடி ஆகமங்களையும் சேர்த்தே அச்சிட்டார். ஆக, தமிழில் முதலில் அச்சான புராட்டஸ்டண்டு வேதாகமத்தில் இவை இருந்தன! லண்டனில் இருந்த வேதாகமச் சங்கத்தில் இதைப் பற்றிப் பெரிய சண்டை நடந்து, 1826இல் இவற்றை அச்சிடப் பணம் தருவதில்லை என்று முடிவாயிற்று. உலகம் முழுவதும் மலிவு விலையில் வேதாகமம் கொடுத்தவர்கள் அவர்கள். அவர்கள் கொடுத்த புத்தகமே ஜனங்கள் கையில் நின்றது. 1871இல் பவர் ஐயர் குழு திருத்திய தமிழைத்தான் இன்றும் பெரும்பாலான சபைகளில் வாசிக்கிறார்கள். அதில் 66. முப்பது வருடம் கோப்புப் பார்த்த எழுத்தன் நான். எந்த ஆணையின்படி ஒரு தாள் கோப்பிலிருந்து கழன்றது என்று தெரிந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

1995இல் இரு தரப்பு அறிஞர்களும் கூடி உட்கார்ந்து பொது மொழிபெயர்ப்பு கொண்டுவந்தார்கள். அதில் இவை 'இணைத் திருமுறை நூல்கள்' என்ற தலைப்பில், இரண்டு ஏற்பாடுகளுக்கும் நடுவில் இருக்கின்றன. நடுவர் மேசையில் அந்தப் புத்தகம் இல்லை.

எனக்கு வருத்தம் விதி எழுதாமல் விட்டதில்தான். எந்த வேதாகமத்திலிருந்து கேள்வி என்று நோட்டீசில் ஒரு வரி போட்டிருக்கலாம். எங்கள் ஊர்ப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உண்டு. 919இல் குடவோலைக்கு விதி எழுதினார்கள். போதவில்லை போலும், 921இல் திருத்தி மறுபடியும் வெட்டினார்கள். வயது, நிலம், படிப்பு, கணக்குக் காட்டாதவன் நிற்கக் கூடாது என்பது வரை எல்லாம் கல்லில். அங்கேயும் குடத்திலிருந்து ஓலை எடுத்தது ஒரு சிறுவன்தான். (35க்கு மேல் 70க்குள் என்று வயது வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் எனக்கு இடமில்லை.)

திரும்பும்போது பஸ்ஸில் பேத்தி பேசவே இல்லை. மதிப்பெண் போனதற்குத் தாத்தா மேல் கோபம் என்று நினைத்து, பையிலிருந்த திருவிவிலியத்தில் தோபித்து ஆகமத்தை எடுத்துக் கொடுத்தேன். வேண்டா வெறுப்பாக வாங்கினாள். நெல்வாய் கூட்டுரோடு தாண்டியபோது நிமிர்ந்தாள்.

"தாத்தா, இதுல அந்தப் பையன் ஊருக்குக் கிளம்பும்போது நாயும் கூடப் போகுது."

"ஆமாம்மா. திரும்பி வரும்போதும் கூடவே வரும், பார்."

"அப்ப அவங்க புத்தகத்துல இந்த நாய் இல்லையா?"

இல்லை என்றேன். "பாவம்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் படிக்க ஆரம்பித்தாள்.