பிரௌனிங் கைத்துப்பாக்கியும் அதன் வில்லும்

நாங்குநேரி வட்டம் அடங்கிய திருநெல்வேலி மாவட்டத்தின் ஆட்சியர் ஆஷ், 1911 சூன் 17 அன்று மணியாச்சி தொடருந்து நிலையத்தில் வாஞ்சிநாதனால் சுட்டுக் கொல்லப்பட்டார். பயன்பட்டது பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரௌனிங் கைத்துப்பாக்கி. 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் அன்று பிரெஞ்சுப் புதுச்சேரியில் செல்லவில்லை. வாஞ்சி அங்கு வ. வே. சு. ஐயரிடம் சுடப் பழகியதாகக் கூறப்படுகிறது.

இந்நிகழ்வை எழுதுவோர் பெரும்பாலும் 'பிரௌனிங்' என்ற பெயரோடு நின்றுவிடுகின்றனர். அப்பெயரில் இருந்தவை பல மாதிரிகள். அமெரிக்கரான ஜான் பிரௌனிங் வடிவமைத்த இவற்றை அடையாளம் காண, உள்ளிருக்கும் பின்னுதைப்புச் சுருள்வில்லைப் (ஸ்பிரிங்) பார்ப்பது உதவும். 1900 மாதிரியில் அது குழலுக்கு மேலே இருக்கும். 1903இல் குழலுக்குக் கீழே. 1910இல் குழலைச் சுற்றி.

1900 மாதிரியில் ஒரே வில் இரண்டு வேலை செய்தது. பின்னுதைத்த மூடியை முன்னே தள்ளியதும் அதுவே, நெம்புகோல் வழியாகச் சுடுமுள்ளை இயக்கியதும் அதுவே. ஆகவே வில் தளர்ந்தால் இரண்டும் கெடும்.

பிற்காலத்தில் சீனப் பட்டறைகள் இம்மாதிரியைப் பெருமளவில் நகலெடுத்தன. பொறிப்பிலுள்ள எழுத்துப் பிழைகளே போலியைக் காட்டிக்கொடுக்கும். கையால் அராவிச் செய்தவை என்பதால், ஒன்றின் வில் மற்றொன்றில் பெரும்பாலும் அப்படியே பொருந்தாது.

1914இல் சாரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைக் கொன்றது 1910 மாதிரி.